ஊசி அரை மணி, காத்திருப்பு ஆறு நாள்

பயாப்சிக்காக மார்பகத்திலிருந்து திசு எடுக்க அரை மணி நேரம் போதும். அதன் முடிவு தெரியச் சில நாட்கள் ஆகும், சில சமயம் ஒரு வாரத்தைத் தாண்டும். அந்த அரை மணிக்கு மரத்துப்போக ஊசி போடுகிறார்கள். பக்கத்தில் ஒரு நர்ஸ் நின்று கையைப் பிடித்துக்கொள்கிறார். அதற்குப் பிறகான ஒரு வாரத்துக்கு அப்படி எதுவும் கிடையாது. ஒரு ஐஸ் பேக், இரண்டு பாராசிட்டமால், "டாக்டர் கூப்பிடுவார்" என்ற ஒற்றை வாக்கியம். அவ்வளவுதான், வீட்டுக்குப் போகலாம்.

மார்பகப் புற்றுநோய் பற்றித் தமிழில் நிறைய வந்துவிட்டது. அறிகுறிகள், சுயபரிசோதனை, கீமோதெரபி, மீண்டு வந்தவர்களின் பேட்டிகள் எல்லாம் படிக்கக் கிடைக்கின்றன. ஆனால் 'இருக்கா, இல்லையா' என்று தெரியாமல் கழியும் அந்த நாட்களைப் பற்றி நான் அதிகம் படித்ததில்லை. நோய் உறுதியானவர்களைவிட, உறுதியாகுமா என்று காத்திருக்கும் பெண்கள்தான் எண்ணிக்கையில் பல மடங்கு அதிகம். அந்தக் காத்திருப்புக்கே தனியாகக் கவனிப்பு தேவை என்பதும், புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களில் நாம் காக்கும் மௌனம் அதை இன்னும் கடினமாக்குகிறது என்பதும்தான் நான் சொல்ல வருவது.

நான் மெல்போர்னின் மேற்குப் புறநகரில் வசிக்கும் மென்பொருள் பொறியாளர். சென்ற ஆண்டு குளிர்காலத்தில், 36 வயதில், குளிக்கும்போது வலது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. ஜி.பி. கையால் பார்த்துவிட்டு அல்ட்ராசவுண்டுக்கு எழுதிக்கொடுத்தார். அல்ட்ராசவுண்ட் பார்த்தவர், "இதை ஒரு பயாப்சி செய்து பார்த்துவிடுவது நல்லது" என்றார். வியாழக்கிழமை ஊசி. அடுத்த புதன்கிழமை முடிவு. நடுவில் ஆறு நாட்கள். முடிவையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: ஃபைப்ரோஅடினோமா. இளவயதுப் பெண்களுக்கு அதிகம் வரக்கூடிய, புற்றுநோய் அல்லாத கட்டி. ஆனால் முடிவு வேறு மாதிரி வந்திருந்தாலும் இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி இப்படியேதான் இருந்திருக்கும். ஏனென்றால், அந்த ஆறு நாட்களில் என் உடம்புக்கு அந்த முடிவு தெரியாது.

தெரியாமையும் கெட்ட செய்தியும் ஒன்றா?

இதை உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லவில்லை. அமெரிக்காவில் பயாப்சி செய்துகொண்ட பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வு, 2009-ல் 'ரேடியாலஜி' மருத்துவ இதழில் வெளியானது. எல்விரா லாங் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் செய்தது. ஊசி போட்ட நாளிலிருந்து ஐந்து நாட்களுக்கு, தினமும் நான்கு முறை அந்தப் பெண்களின் உமிழ்நீரை எடுத்து, மன அழுத்தத்தின்போது சுரக்கும் கார்டிசால் ஹார்மோனின் அளவைப் பார்த்தார்கள். கணக்கில் எடுத்துக்கொண்ட 126 பெண்களில் ஐந்தாம் நாளன்று 16 பேருக்குப் புற்றுநோய் என்றும், 37 பேருக்கு இல்லை என்றும் தெரிந்திருந்தது. மீதி 73 பேருக்கு இன்னும் முடிவு தெரியவில்லை.

'இல்லை' என்று தெரிந்தவர்களின் கார்டிசால் போக்கு ஒரு மாதிரி இருந்தது. புற்றுநோய் என்று தெரிந்தவர்களுடையது வேறு மாதிரி. முடிவு தெரியாத 73 பேருடையது யாரைப்போல இருந்தது தெரியுமா? புற்றுநோய் என்று தெரிந்தவர்களைப்போல. இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாத அளவுக்கு ஒன்றாக இருந்தது. தெரியாமல் இருப்பதை உடம்பு நடுநிலையாக எடுத்துக்கொள்வதில்லை, கெட்ட செய்தியாகவே எடுத்துக்கொள்கிறது.

எனக்கு இதைப் படித்தபோது ஒரு நிம்மதி. "இன்னும் ஒண்ணுமே தெரியலையே, அதுக்குள்ள ஏன் இப்படிப் பண்றே?" என்று கேட்பவர்களுக்கு இதில் பதில் இருக்கிறது. கை நடுங்குவது, சாப்பாடு இறங்காதது, அதிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வருவது எல்லாம் பலவீனம் இல்லை, உடம்பின் இயல்பான வேலை.

'பெரும்பாலான பயாப்சிகளில் புற்றுநோய் இருப்பதில்லை' என்று மருத்துவர்கள் சொல்வது உண்மை. ஆனால் நிகழ்தகவு படித்தவளுக்கும் அது ராத்திரியில் உதவுவதில்லை. எனக்கு வரப்போவது ஒரே ஒரு முடிவு. அதில் சதவீதம் கிடையாது.

ஆய்வகத்தில் என்ன நடக்கிறது?

என்னைப்போன்ற ஐ.டி. ஆட்களுக்கு இது பெரிய தொல்லை. ஒரு டிக்கெட் போட்டால் அது யாரிடம் இருக்கிறது, என்ன நிலையில் இருக்கிறது என்று பார்க்க முடியும். பயாப்சியில் அது தெரியாது. அதனால் ஒவ்வொரு மணி நேரத் தாமதத்துக்கும் மனசு ஒரு காரணம் கண்டுபிடிக்கிறது. "கெட்டதா இருக்கும், அதான் கூப்பிடத் தயங்குறாங்க." உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டபோது இந்த யோசனை பாதியாகக் குறைந்தது.

ஊசியில் வந்த மெல்லிய திசுத் துண்டுகளை முதலில் ஃபார்மலின் திரவத்தில் ஊறவைக்கிறார்கள். திசு கெடாமல் உறுதியாவதற்குக் குறைந்தது 6 மணி நேரம் வேண்டும். பிறகு ஆல்கஹாலில் வைத்து நீரை வெளியேற்றி, உருக்கிய பாரஃபின் மெழுகை உள்ளே ஏற்றுகிறார்கள். பெரும்பாலும் இது இரவு முழுக்க நடக்கும் வேலை. மறுநாள் அந்த மெழுகுக் கட்டியை 3, 4 மைக்ரான் தடிமனில் சீவுகிறார்கள். நம் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிசு. அதைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சாயம் ஏற்றிய பிறகுதான் நோயியல் மருத்துவர் நுண்ணோக்கியில் பார்க்க முடியும். எவ்வளவு அவசரப்படுத்தினாலும் மெழுகும் சாயமும் தங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ளும்.

அதற்கு மேலும் நாள் ஆகலாம். சந்தேகம் வந்தால் கூடுதல் சாயம் போட்டுப் பார்ப்பார்கள், இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பார்கள். புற்றுநோய் என்றால் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஏற்பிகள், ஹெர்2 புரதம் ஆகியவற்றுக்கான சோதனைகள் தனி. நடுவில் ஒரு சனி ஞாயிறு வந்தால் இரண்டு நாள் போச்சு. சில மருத்துவமனைகளில் எல்லாத் துறை மருத்துவர்களும் வாரம் ஒருமுறை கூடிப் பேசிய பிறகுதான் முடிவைச் சொல்வார்கள். ஆக, தாமதத்துக்குக் காரணங்கள் நிறைய. தாமதத்தை வைத்து முடிவை ஊகிக்க முடியாது. "நேரில் வாருங்கள்" என்று சொல்வதை வைத்தும் ஊகிக்க முடியாது. நல்லதோ கெட்டதோ, எல்லோருக்கும் நேரில்தான் சொல்வது என்று வைத்திருக்கும் கிளினிக்குகள் இருக்கின்றன.

முடிவு வந்த பிறகு பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவில் மார்பகக் கட்டிகளுக்கு மூன்று சோதனை முறையைக் கடைப்பிடிக்கிறார்கள். மருத்துவர் கையால் பார்த்தது, படத்தில் தெரிந்தது, பயாப்சி சொல்வது ஆகிய மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஒன்று மட்டும் இடித்தால் விட்டுவிடக் கூடாது. மெல்போர்னில் பிறந்த பாடகி கைலி மினோக், தனக்கு முதலில் 'ஒன்றும் இல்லை' என்று தவறாகச் சொல்லப்பட்டதாக 2008-ல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் சொன்னார். நல்ல முடிவு வந்தாலும் "மூன்றும் பொருந்துகிறதா டாக்டர்?" என்று ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள். கட்டி வளர்ந்தாலோ மாறினாலோ மறுபடி போங்கள்.

"அம்மாகிட்ட சொல்லாதே"

இனி நம் வீட்டுக்கு வருகிறேன்.

ஊசி போட்ட அன்று இரவு என் கணவர் முதலில் கேட்டது, "ஊருக்குச் சொல்லணுமா?" அதில் தப்பில்லை. வெளிநாட்டில் வாழும் எல்லோருக்கும் இது பழக்கப்பட்ட கணக்கு. அங்கே இருப்பவர்களுக்கு வயதாகிவிட்டது, பி.பி. இருக்கிறது, அவர்களால் வந்து பார்க்கவும் முடியாது, எதற்குக் கலவரப்படுத்துவது? அவர்களும் நமக்கு அப்படித்தான் செய்கிறார்கள். அப்பா ஆஸ்பத்திரியில் நான்கு நாள் படுத்து எழுந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் நமக்குச் செய்தி வரும். ஈரோடானாலும் யாழ்ப்பாணமானாலும் இதில் வித்தியாசம் இல்லை.

ஆனால் வாட்ஸ்அப் வீடியோவில் முகத்தை மறைக்க முடியாது. குளிர்காலத்தில் இங்கே இரவு ஒன்பதரை என்றால் ஈரோட்டில் மாலை ஐந்து. அம்மா காபி குடித்துக்கொண்டே பேசும் நேரம். இரண்டு நாள் "ஆபீஸ்ல ரிலீஸ், தூக்கமில்லைம்மா" என்று ஓட்டினேன். மூன்றாம் நாள், "ஏன் கண்ணு, முகம் இப்படி வாடிக் கெடக்குது?" என்று மறுபடி கேட்டார். சொல்லிவிட்டேன்.

அம்மா அழவில்லை. கொஞ்ச நேரம் பேசவும் இல்லை. பிறகு சொன்னார்: "உங்க பெரியம்மா வயித்து வலில போனாங்கன்னுதான உங்களுக்கெல்லாம் சொல்லி வெச்சிருக்கோம்? அது மார்ல வந்த கட்டி கண்ணு. யாருகிட்டயும் காட்டாமயே வெச்சிருந்தாங்க. கடைசிலதான் தெரிஞ்சுது. உனக்கு இருக்கற மாதிரி எனக்கும் ஒண்ணு வந்துச்சு, கோயமுத்தூர்ல காட்டினோம். உங்கப்பாவுக்கு மட்டும்தான் தெரியும். பதினஞ்சு நாள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

ஜி.பி. கொடுத்த படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: குடும்பத்தில் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் அல்லது சினைப்பைப் புற்றுநோய் இருந்ததா? எனக்குத் தெரிந்தவரை இல்லை என்றுதான் பதில் கொடுத்திருந்தேன். எனக்குத் தெரிந்ததே அவ்வளவுதான். பெரியம்மா எந்த நோயில் இறந்தார் என்பது, முப்பத்தாறு வருடம் கழித்து, ஒரு வீடியோ அழைப்பில் தெரிய வந்தது. புதன்கிழமை மருத்துவரிடம் அதைச் சொன்னேன். அவர் குறித்துக்கொண்டு, பெரியம்மாவுக்கு எந்த வயதில் வந்தது, அப்பா வழியில் யாருக்காவது இருந்ததா என்று விசாரித்தார். அப்பா வழியும் முக்கியம் என்பது பலருக்குத் தெரியாது. பிராகா மரபணு மாற்றம் தந்தையிடமிருந்தும் வரும்.

நம் மௌனத்தின் விலை இதுதான். நாம் அதை அன்பு என்று நினைத்துச் செய்கிறோம், அன்பும்தான். ஆனால் 'மார்' என்ற சொல்லைச் சொல்லக் கூச்சப்பட்டு 'வயித்து வலி' என்று மாற்றிச் சொல்லும்போது, அடுத்த தலைமுறைப் பெண்ணின் படிவத்தில் ஒரு தவறான விடை விழுகிறது. அம்மாவின் பதினைந்து நாட்களும் என் ஆறு நாட்களும் ஒரே வீட்டில் நடந்தவை. இருவருமே மற்றவருக்குத் தெரியாமல் பட்டிருப்போம்.

இதற்காக எல்லோரிடமும் சொல்லுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னால் என்ன வரும் என்று எனக்கும் தெரியும். பரிகாரம் வரும், கோமியம் வரும், "என் ஃபிரெண்டோட நாத்தனாருக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது" வரும். யாரிடம் சொல்வது என்பதை நாமே தேர்ந்தெடுக்கலாம். நான் கணவரைத் தவிர மூன்று பேரிடம் சொன்னேன்: திருப்பூரில் இருக்கும் அக்கா, அம்மா, ஆபீஸில் டீம் லீட். ஒருவரிடமாவது சொல்லுங்கள். அந்த ஒருவர் கேள்வி கேட்காமல் கேட்கத் தெரிந்தவராக இருக்கட்டும்.

மொழிபெயர்க்கும் பிள்ளைகள்

இங்கே பிறந்து வளர்ந்த தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. அம்மாவோ பாட்டியோ பயாப்சிக்குப் போகும்போது மொழிபெயர்க்க நீங்கள்தான் கூடப் போகிறீர்கள். பதினைந்து வயதுப் பெண்ணிடம் மருத்துவர் 'மேலிக்னன்ட்' என்று சொல்ல, அவள் அதைத் தமிழில் பாட்டிக்குச் சொல்ல வேண்டியிருப்பது எவ்வளவு பெரிய பாரம்! அதிர்ச்சியில் பாதியை விழுங்கிவிடுவாள், அல்லது பாட்டிக்கு வலிக்கக் கூடாதென்று மென்மையாக்கிவிடுவாள். இரண்டிலும் பாட்டிக்கு முழு விவரம் போய்ச் சேராது.

இதற்கு அரசே வழி வைத்திருக்கிறது. டிஸ் நேஷனல் எனப்படும் மொழிபெயர்ப்புச் சேவையின் எண் 131 450. நாள் முழுவதும் இயங்கும். தமிழ் மொழிபெயர்ப்பாளர்களும் உண்டு. முன்பதிவு செய்யும்போதே "தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" என்று கேளுங்கள். நீங்கள் பேத்தியாகப் பக்கத்தில் உட்காருங்கள், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். மொழிபெயர்க்க அதற்கென்று பயிற்சி பெற்றவர் இருக்கட்டும்.

வெளிப்படையாகப் பேசியவர்கள்

நாம் வாழும் நாட்டில் இதை மறைக்காமல் பேசக் கற்றுக்கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். 2005 மே மாதம் கைலி மினோக் தனக்கு மார்பகப் புற்றுநோய் என்று அறிவித்தபோது அவருக்கு வயது 36. அடுத்த இரண்டு வாரங்களில் விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ் உட்பட நான்கு மாநிலங்களில் மேமோகிராம் முன்பதிவு 40 சதவீதம் கூடியதாக ஆஸ்திரேலிய மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. அதுவரை ஒருமுறைகூடச் சோதனைக்கு வராதவர்களின் முன்பதிவு இரண்டு மடங்கானது. ஒரு பெண் வாய் திறந்து சொன்னதன் விளைவு அது.

கிரிக்கெட் பார்க்கும் வீடுகளுக்கு ஜேன் மெக்ராத்தைத் தெரிந்திருக்கும். வேகப்பந்து வீச்சாளர் கிளென் மெக்ராத்தின் மனைவி. 1997-ல், 31 வயதில் நோய் கண்டறியப்பட்டது. 2005-ல் இருவரும் சேர்ந்து மெக்ராத் அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். 2008 ஜூனில் ஜேன் காலமானார். 2009 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் சிட்னி டெஸ்ட்டின்போது, மூன்றாம் நாள் மைதானம் முழுக்க இளஞ்சிவப்பாக மாறுகிறது. நம் பிள்ளைகள் தொப்பி வாங்கிப் போட்டுக்கொண்டு போகும் அந்த நாளின் பணம், நோயாளிகளுக்கு இலவசமாகத் துணை நிற்கும் நர்ஸ்களுக்குப் போகிறது.

நமக்கும் இந்த வரலாறு புதிதில்லை. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954-ல் சென்னை அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அங்கே சேர்ந்த டாக்டர் வி. சாந்தா, 2021 ஜனவரியில் இறக்கும் வரை அந்த வளாகத்தை விட்டுப் போகவில்லை. புற்றுநோய் என்ற பெயரைக் கேட்டாலே மக்கள் ஒதுங்கிய காலத்தில் தொடங்கிய வேலை அது. அவர்கள் அங்கே உடைத்த பயத்தை நாம் சூட்கேஸில் வைத்து இங்கே கொண்டுவர வேண்டியதில்லை.

அந்த நாட்களை எப்படிக் கடப்பது?

கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தில் கேட் ஸ்வீனி என்ற உளவியலாளர், காத்திருப்பையே தன் ஆய்வுத் துறையாக வைத்திருக்கிறார். வழக்கறிஞர் தகுதித் தேர்வு எழுதிவிட்டு நான்கு மாதம் முடிவுக்காகக் காத்திருந்த 230 பட்டதாரிகளைத் தொடர்ந்து கவனித்தார். 2016-ல் வெளியான அந்த ஆய்வில் தெரிந்தது: பதற்றத்தைக் குறைக்க அவர்கள் செய்த முயற்சிகள் பெரும்பாலும் பலிக்கவில்லை. ஆனால் கவலைப்பட்டுக்கொண்டே காத்திருந்தவர்கள், கெட்ட செய்தி வந்தபோது அதை நன்றாகவே கையாண்டார்கள். நல்ல செய்தி வந்தபோது கூடுதலாகச் சந்தோஷப்பட்டார்கள். ஆகவே 'பயப்படாதே' என்பது நடக்காத அறிவுரை. பயம் இருக்கட்டும், அதோடு நாளைக் கடத்தும் வழியைப் பார்ப்போம். எனக்கும் நான் கேட்டறிந்த பெண்களுக்கும் கைகொடுத்தவை இவை.

முதலில், கிளினிக்கை விட்டுக் கிளம்பும் முன்பே தேதி கேளுங்கள். எந்த நாள், யார் சொல்வார்கள், தொலைபேசியிலா நேரிலா, அந்த நாள் தாண்டினால் நான் யாரைக் கூப்பிடுவது? இந்த நான்கு கேள்விகளுக்கும் பதிலைத் தாளில் எழுதி வாங்குங்கள். "எப்போதாவது கூப்பிடுவார்கள்" என்பது போதாது. எனக்கு முதலில் அப்படித்தான் சொன்னார்கள். நின்று கேட்ட பிறகு புதன்கிழமை மாலை நான்கு மணி என்று ஒரு நேரம் கிடைத்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு அழைப்புக்கும் நெஞ்சு படபடக்கவில்லை. மருத்துவமனை அழைப்புகள் இங்கே பெரும்பாலும் எண் தெரியாமல்தான் வரும், அந்த ஒரு வாரம் அவற்றை எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது, செல்போன் செயலி. மை ஹெல்த் ரெக்கார்டில் பயாப்சி அறிக்கையைச் சில நாள் இடைவெளி விட்டு நோயாளியே பார்க்க முடியும். மருத்துவர் சொல்லும் முன் அதைத் திறப்பீர்களா, மாட்டீர்களா என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். ராத்திரி பதினொரு மணிக்கு, தனியாக, லத்தீன் சொற்கள் நிறைந்த அறிக்கையைப் படிப்பது யாருக்கும் நல்லதில்லை.

மூன்றாவது, கூகுள். முழுக்க நிறுத்த முடியாது, நேரம் வைக்கலாம். பகலில் இருபது நிமிடம், கேன்சர் ஆஸ்திரேலியா, கேன்சர் கவுன்சில் தளங்கள் மட்டும். இரவில் எழும் கேள்வியைத் தேடாமல் ஒரு நோட்டில் எழுதுங்கள். காலையில் பார்த்தால் பாதிக் கேள்விகள் வலுவிழந்திருக்கும், மீதியை மருத்துவரிடம் கேட்கலாம்.

நான்காவது, கையையும் கணக்கையும் சேர்த்து இழுக்கும் வேலை. ஸ்வீனியின் குழு பின்னர் செய்த ஆய்வுகளில், தன்னை மறந்து ஈடுபட வைக்கும் வேலைகள் காத்திருப்போருக்கு உதவுவதாகத் தெரிந்தது. டி.வி. எனக்கு வேலைக்காகவில்லை, கண் திரையிலும் மனசு வேறெங்கோவும் இருந்தது. மகளின் தமிழ்ப்பள்ளி ஆண்டு விழாவுக்குப் பாவாடை தைத்தேன். அளந்து, வெட்டி, ஜரிகையை நேராக வைத்துத் தைக்கும்போது வேறு எதையும் யோசிக்க முடியாது. உங்களுக்கு அது கோலமாக இருக்கலாம், வீணையாக இருக்கலாம், தோட்டத்தில் களை பிடுங்குவதாகவும் இருக்கலாம்.

ஐந்தாவது, வேலை. முழுநேர ஊழியர்களுக்கு ஆண்டுக்குப் 10 நாள் தனிப்பட்ட விடுப்பு சட்டப்படி உண்டு. கவனித்துக்கொள்ளும் கணவரும் தன் விடுப்பை இதற்கு எடுக்கலாம். மேலாளரிடம் எந்த உறுப்பில் என்ன சோதனை என்று விளக்க வேண்டியதில்லை. "ஒரு மருத்துவ முடிவுக்காகக் காத்திருக்கிறேன், புதன்கிழமை மாலை இருக்க மாட்டேன்" போதும். தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு பயமும் சேர்ந்துகொள்ளும்: பி.ஆர். என்ன ஆகும்? அதற்குப் பதில் சொல்லத் தகுதியானவர் பதிவு பெற்ற குடியேற்ற ஆலோசகர். முகநூல் குழுவில் கேட்க வேண்டாம். முடிவே வராத நோய்க்கு விசாக் கணக்கு போடுவதையும் ஒத்திப்போடலாம்.

தூக்கமே இல்லை, மூச்சு முட்டுகிறது, பிள்ளைகளைக் கவனிக்க முடியவில்லை என்றால் ஜி.பி.யிடம் உடனே போங்கள். முடிவு வரட்டும் என்று காக்க வேண்டாம். மனநலச் சிகிச்சைத் திட்டம் எழுதிக்கொடுத்தால், மெடிகேரில் ஆண்டுக்குப் 10 முறை வரை உளவியலாளரைப் பார்க்கக் கட்டண உதவி கிடைக்கும். கேன்சர் கவுன்சிலின் 13 11 20 எண்ணுக்கு, நோய் உறுதியாகாதவர்களும் அழைக்கலாம். தமிழில் பேச வேண்டுமானால் முதலில் 131 450-ஐ அழைத்து இணைக்கச் சொல்லலாம். மனசு ரொம்பவும் இருண்டுபோனால் லைஃப்லைன் 13 11 14, இருபத்துநான்கு மணி நேரமும்.

முடிவு கேட்கப் போகும்போது தனியாகப் போகாதீர்கள். பயத்தில் காது கேட்பதை மூளை பதிவதில்லை. கூட வருபவர் குறிப்பெடுக்கட்டும், மருத்துவர் அனுமதித்தால் பதிவு செய்துகொள்ளுங்கள். முடிவு 'ஆம்' என்றே வந்தாலும், இங்கே மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டவர்களில் 100-க்கு 90-க்கும் மேற்பட்டோர் ஐந்து ஆண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு உள்ளே போங்கள்.

பயம் பிடித்துச் சோதனையையே தள்ளிப்போடுகிறவர்களுக்கும் ஒன்று. ஆஸ்திரேலியாவில் 85 வயதுக்குள் ஏழு பெண்களில் ஒருவருக்கு இந்நோய் வருகிறது. 40 வயது தாண்டியவர்களுக்கு பிரெஸ்ட்ஸ்கிரீன் அமைப்பில் மேமோகிராம் இலவசம், எண் 13 20 50. 50 முதல் 74 வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அவர்களே கடிதம் போடுகிறார்கள். நம் அம்மாக்கள் பலர் அந்தக் கடிதத்தை விளம்பரம் என்று நினைத்து ஒதுக்கிவிடுகிறார்கள், எடுத்துப் பாருங்கள். கட்டியோ வேறு மாற்றமோ ஏற்கெனவே தெரிந்தால் பிரெஸ்ட்ஸ்கிரீனுக்குக் காத்திருக்காமல் நேராக ஜி.பி.யிடம் போக வேண்டும்.

கடைசியாக, காத்திருப்பவரின் பக்கத்தில் இருப்பவர்களுக்கு. டார்னீட்டிலோ டூங்காபியிலோ உங்கள் தோழி ஒருத்தி இந்த வாரம் இப்படிக் காத்திருக்கலாம். தினமும் "ரிசல்ட் வந்துச்சா?" என்று மெசேஜ் போடாதீர்கள். வந்தால் அவளே சொல்வாள். "ஒண்ணும் இருக்காது" என்றும் சொல்லாதீர்கள், அது உங்களுக்குத் தெரியாது. "சாயங்காலம் ரசமும் சாதமும் கொண்டு வரேன், பிள்ளைங்களை நான் நீச்சலுக்குக் கூட்டிட்டுப் போறேன், புதன்கிழமை கூட வரேன்" என்று சொல்லுங்கள். அடுத்த முறை ஊருக்குப் பேசும்போது, உங்கள் பெரியம்மாவும் அத்தையும் உண்மையில் எந்த நோயில் இறந்தார்கள் என்று அம்மாவிடமும் அப்பாவிடமும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மகள் ஒருநாள் ஒரு படிவத்தை நிரப்ப வேண்டியிருக்கும்.